என் பெயரை எடுத்த காகிதம்

ஆறு வருஷம் வேலூர் ஜெயிலில் இருந்தேன். ஏன் என்று கேட்க வேண்டாம். கோர்ட் கேட்டது, தண்டனை கொடுத்தது, முடித்துவிட்டு வந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் வெளியே விட்டபோது பஸ்ஸுக்குக் காசும் நிறையப் புத்திமதியும் கொடுத்தார்கள். புத்திமதியை வைத்து அடுப்புப் பற்றவைக்க முடியாது.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் பாத்திரம் தேய்த்தேன். பின்னாலிருந்த தகர ஷெட்டில் படுக்கை. கூடத் தேய்த்த இன்னொருத்திக்குக் கொடுத்ததில் பாதிதான் எனக்குச் சம்பளம். கேட்டால் முதலாளி, "உன்ன வேற எவன் சேத்துப்பான்?" என்பார்.

ஜெயிலில் வேலை செய்த கூலியில் ஒரு பழைய தள்ளுவண்டி வாங்கினேன். பவுர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு எத்தனை ஈடு இட்லி வைத்தாலும் போதாது. ஆனால் ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். வெளியில் வாங்கினால் கட்டுப்படியாகாது. ரேஷனில் வாங்கக் கார்டு வேண்டும். விலாசத்துக்கு முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒரு கடிதம் கொடுத்தார். அதோடு தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றேன்.

"இத்தன வருஷமா கார்டு இல்லாம எங்கம்மா இருந்தீங்க?" என்றார் கிளார்க்.

"வேலூர் ஜெயில்ல."

எனக்குப் பின்னால் நின்றவள் ஓரடி தள்ளிப் போனாள். நல்லது, கொஞ்சம் காற்று வந்தது.

"பழைய கார்டு?"

"அண்ணன் வீட்ல. என் பேர எடுத்துட்டாங்க."

"எடுத்ததுக்கு ஒரு சான்று குடுத்திருப்போம். அதக் கொண்டாங்க. அது இல்லாம புதுசு கிடையாது."

அன்றே கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். வாசலில் அண்ணி மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள், வயலில் பிடுங்கிய வேர்க்கடலை. யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

"பொண்ணுக்கு மாப்ள பாக்கறோம்," என்றான் அண்ணன். "கார்டுல உன் பேரு இருந்தா யாரு, எங்கனு கேப்பாங்க. அதான் எடுத்தேன்."

கார்டில் ஒரு ஆள் குறைந்தால் ரேஷன் சர்க்கரையும் குறையும். அதுவும் பரவாயில்லை என்று எடுத்திருக்கிறான்.

"எடுத்தது எடுத்துட்ட. அந்தக் காகிதத்தக் குடு."

"எங்கயோ கெடக்குது. தேடணும். அப்புறமா வா."

"மாப்ள வூட்டுக்காரங்க எப்ப வர்றாங்க?"

அண்ணி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "நாளைக்கி."

"சரி, வரட்டும். அதுவரைக்கும் இங்கியே இருக்கேன்." மல்லாட்டைப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒன்றை உடைத்து வாயில் போட்டேன்.

"ஜெயில்ல இதத்தான் கத்துக்கினியா?"

"ஆமா அண்ணி. ஒரே எடத்துல உக்கார நல்லா சொல்லிக்குடுத்தாங்க."

ஒரு கை மல்லாட்டை தின்று முடிப்பதற்குள் காகிதம் வந்துவிட்டது. என் பெயரை எடுத்துவிட்டதாகச் சீல் போட்டு எழுதியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. காகிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பிறகும் அந்தக் கிளார்க் என்னைப் பலமுறை அலையவிட்டார். நாளைக்கு வா என்றால் நாளைக்கே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் கார்டைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன். அதில் ஒரே பெயர். குடும்பத் தலைவர் நான், குடும்பமும் நான்.

விடுதி வேலையை விட்டுவிட்டு, அடுத்த பவுர்ணமிக்கு வண்டியை மலை சுற்றும் பாதையில் போட்டேன். சாயங்காலம் முதலாளி வந்தார். நாலு இட்லி தின்றுவிட்டுச் சொன்னார்: "பாத்திரம் தேய்க்க ஆள் நிக்க மாட்டேங்குது. வர்றியா? சம்பளம் ஜாஸ்தி பண்ணித் தரேன்."

"இட்லிக்குக் காசு குடுத்துட்டு நகருங்க," என்றேன். "பின்னால ஆளுங்க நிக்கறாங்க."