என் இதயத்தில் போட்ட ஒட்டு

கையிலிருந்த இரும்பு தேய்க்கும் கிரைண்டர் நழுவியதுதான் தொடக்கம். திருவொற்றியூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அன்று என் வலது கை என்னைக் கேட்காமலேயே விரல்களைத் திறந்துவிட்டது. சுழன்றுகொண்டிருந்த இயந்திரம் தரையில் துள்ளி, பொறி கக்கி, கூட்டாளி தாஸின் பூட்ஸ் முனையைச் சீவிக்கொண்டு போனது.

தாஸ் ஓங்கி அறைந்தான். "இன்னா மாமு, காலு போயிருந்தா ஒங்கப்பனா குட்ப்பான்?"

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சொல்லுக்குப் பதில் கொழகொழவென்று ஏதோ வழிந்தது. குடிகாரனைப்போல் உளறிக் காட்டிப் பட்டறையைச் சிரிக்கவைப்பது என் நெடுநாள் வழக்கம். இதுவும் அதுதான் என்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் செத்துக்கொண்டிருந்தேன், அதுவே என் ஆகச்சிறந்த நடிப்பாகிவிட்டது. எச்சில் சட்டையில் இறங்கிய பிறகுதான் தாஸின் முகம் மாறியது. யாரோ என் முகத்தில் சோடாவைப் பீய்ச்சினார்கள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: வாய் கோணி, கை விழுந்தால் சோடா வேண்டாம், உடனே வண்டி வேண்டும்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பது). மருந்தில் ரத்தக்கட்டி கரைந்து, பேச்சு மெல்லத் திரும்பியது. காரணத்தைத் தேடிய டாக்டர் அம்மா அதை என் இதயத்தில் கண்டுபிடித்தார்.

"கருவுல எல்லாருக்கும் இருக்கற சின்ன ஓட்டை. பொறந்ததும் மூடிக்கும். உங்களுக்கு மூடல."

"இத்தினி வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்துச்சாம்?"

"உங்க வாய் பண்றதைத்தான்."

கை நரம்பில் நுண்குமிழிகள் கலந்த உப்புநீரை ஏற்றி, முக்கச் சொன்னார். திரையில் குமிழிகள் இதயச் சுவரைத் தாண்டி இடப்பக்கம் பாய்ந்தன. ரத்தக்கட்டியும் இதே ஓட்டை வழியாகத்தான் மூளைக்குப் போயிருக்கும் என்றார். வெல்டிங் போட்ட குழாயில் நாங்கள் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்போம். எத்தனையோ குழாய்களைக் கழித்துப் போட்டவன், முதல்முறையாகக் குழாயின் பக்கம் நின்று பார்த்தேன்.

"திரும்ப அடிக்குமா?"

"அடிக்கலாம். மூடினா அந்த வாய்ப்பு குறையும்."

அன்றிலிருந்து கழிப்பறையில் முக்கவே பயம். தாஸ் கும்பிடும் மாதாவையும் சேர்த்து அங்கேயே உட்கார்ந்து வேண்டினேன்.

தொடைச் சிரை (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) வழியாக, சுவரின் இருபுறமும் பொத்தான்போல் கவ்வும் கம்பிவலையைப் பொருத்தினார்கள். வார்டுக்கு வந்ததும் இதயம் தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் தாறுமாறாக அடித்தது. வலை கழன்றுவிட்டது என்றே முடிவுகட்டினேன். ஒயர்களைப் பிய்த்தேன். உதைத்த உதையில் தட்டு பறந்தது, கத்தரிக்கோல் சுவரில் மோதியது. தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டது.

இரண்டு பேர் தோளை அமுக்கினார்கள். நர்ஸ் தன் முழுப் பாரத்தையும் காயத்தின்மேல் போட்டார். என் மனைவி கலா முழங்காலின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"காலை மடக்குன, ஒட்ச்சி கைல குட்த்துருவேன்! கம்முனு பட்த்துக்கினு இரு!"

ஓடிவந்து ஸ்கேன் பார்த்த டாக்டர், "வலை வெச்ச இடத்துலயே இருக்கு. இது சிலருக்கு வர்ற படபடப்பு. மருந்துல அடங்கும்" என்றார்.

நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு ஜோக்கும் சொன்னேன். "இடுப்புல உதைச்சிருக்கீங்க சார். சிரிச்சா வலிக்குது" என்றார்.

வலையின்மேல் சதை வளர்ந்து மூட மாதங்கள் ஆகுமாம். நான் ஒரு மூச்சில் இரும்பை ஒட்டுபவன். உள்ளே பொறியில்லாமல், சத்தமில்லாமல் ஒரு வேலை நடக்கிறது. என் அவசரம் அங்கே செல்லாது. பகலெல்லாம் பறந்துவிடுகிறது. காலையில் கண் விழிப்பதற்கும் முதல் வார்த்தைக்கும் இடைப்பட்ட நேரம்தான் நகரமாட்டேன் என்கிறது. நாக்கு இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன். பிறகு துணிந்து, அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவை உரக்கச் சொல்கிறேன். ஓர் எழுத்தும் சிதையாமல் வந்து விழுகிறது.

சமையலறையிலிருந்து கலா: "கேட்டுச்சி. எய்ந்து மாத்திரைய முய்ங்கு."