ஈரத்தரைக் கருவியைக் கண்டுபிடித்தவர்

எங்கள் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் மட்டும்தான் உண்டு. ஆனால் எங்களுக்குள் பேசும்போது பொருளின் பெயரைத்தான் சொல்வோம். பேரீச்சங்கொட்டை எடுப்பது ஒரு கோப்பு, ஒட்டகப் பால் பொடி இன்னொன்று. அந்த வருடம் என் மேசைக்கு வந்ததை 'ஈரத்தரை' என்று அழைத்தோம். தரையில் கிடக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு, இங்கே வளைகுடாவில், அல் குசைஸில் உள்ள ஒரு கடை எங்கள் மூலம் விண்ணப்பித்திருந்தது. விண்ணப்பத்தைப் படித்த அரசுப் பரிசோதகர் தன் அறிக்கையை அனுப்பியிருந்தார். அதற்குப் பதில் தயாரிப்பது என் வேலை.

பதிலில் என் பெயர் இருக்காது. எங்கள் மூத்த வழக்கறிஞர், எகிப்துக்காரப் பெண்மணி, கையெழுத்திடுவார். ஆனால் பரிசோதகர் சொல்வதில் எது சரி, எதை மறுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்ப்பவள் நான். பரமக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்குப் போனவளும் நான்தான். இயந்திரப் பொறியியல் படித்தேன். இந்த வேலைக்கு என்னை யாரும் சிபாரிசு செய்யவில்லை. தேர்வு வைத்து எடுத்தார்கள்.

பரிசோதகரின் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இதில் புதியது என்ன? அவர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டியிருந்தார். ஒன்றில், உறிஞ்சும் வாயின் இரண்டு ஓரங்களிலும் ரப்பர் உதடுகள் இருந்தன. மற்றொன்றில், வாயைத் தூக்கியதும் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் திரும்பக் கொட்டிவிடாதபடி தடுக்கும் ஒரு மடல் இருந்தது. கைப்பிடியில் உள்ள விசையை அழுத்தினால் மடல் திறக்கும், விட்டால் மூடும். இரண்டையும் சேர்த்தால் உங்கள் கருவி வந்துவிடுகிறதே என்பது அவர் வாதம். படத்தைப் பார்த்தேன். எங்கள் கருவியில் கைப்பிடி விசை இல்லை. அடிப்பக்கத்தில் விரல்நுனி அளவில் ஒரு குமிழ் மட்டும் சாய்வாக நீட்டிக்கொண்டிருந்தது. அது எதற்கு என்று விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

கடை நான் தங்கியிருந்த அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வேலை முடிந்து போகும் வழியில் இறங்கினேன்.

மாப், பக்கெட், வைப்பர், பினாயில் கேன் என்று கூரைவரை அடுக்கிய கடை. கீழக்கரைப் பக்கத்துப் பாய் ஒருவர் நடத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் போனை எடுத்து, எதிர்க் கஃபேடீரியாவில் இரண்டு கரக் டீ சொன்னார்.

"மேடத்துக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அட, நம்ம ஜில்லா! அப்ப மேடம்லாம் கிடையாது, தங்கச்சிதான். இருங்க, மெஷின ஓட்டிக் காட்டுறேன்."

ஒரு பக்கெட் தண்ணீரை அப்படியே கடைத் தரையில் கவிழ்த்தார்.

"பாய், கஸ்டமர் யாராச்சும் வழுக்கி விழுந்தா?"

"விழுந்தா மெஷினு வாங்குவாரு. விழலைன்னா பினாயிலு வாங்கிட்டுப் போயிருவாரு."

கருவியைத் தரையில் வைத்ததும் குமிழ் உள்ளே அமுங்கியது, மடல் திறந்துகொண்டது. தூக்கியதும் குமிழ் வெளியே வந்தது, மடல் மூடிக்கொண்டது. ஒரு சொட்டுகூடத் திரும்பக் கொட்டவில்லை. கையால் எதையும் அழுத்த வேண்டியதில்லை, தரையே அழுத்திவிடுகிறது. பழைய ஆவணங்கள் இரண்டிலும் இது கிடையாது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

"குமிழ ஏன் பாய் சாய்வா வச்சீங்க? நேரா வச்சா என்ன?"

"நேராத்தான் வச்சேன் மொதல்ல. டைல்ஸு சந்துல போயி முட்டிக்கிச்சு. நம்ம ஆளுங்க வைப்பர எப்படிப் புடிப்பாங்க? இழுப்பாங்க. ஒருத்தனும் தள்ள மாட்டான். அதான் இழுக்குறப்ப வழுக்கிட்டுப் போற மாதிரி சாய்ச்சு வச்சேன். தள்ளினா மாட்டும். தள்ளாத, இழுன்னு சொல்லித்தான் விக்கிறேன்."

மறுநாள் வழக்கறிஞரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்தார். எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்ற கோரிக்கையைச் சுருக்கி, தரையால் அழுத்தப்படும் சாய்வான குமிழை அதில் சேர்த்துவிடலாம் என்றார். சாய்வு ஏன் என்பதைக் கண்டுபிடித்தவரே எழுதி, கையெழுத்திட்டுத் தரட்டும், பதிலோடு இணைப்போம் என்றார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தைக் கோப்பில் பார்த்தேன். பாயின் பெயர் இல்லை. ஓர் அரபியின் பெயர் இருந்தது.

சேர்ந்து செய்திருப்பார்கள் என்று நினைத்தேன். மாலையில் பாயிடம், அவரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

பாய் சிரித்துவிட்டார். "அவரா? அவருக்கு வைப்பருல எது தலை எது வாலுன்னே தெரியாது. நம்ம விசா, லைசென்ஸுக்கெல்லாம் பொறுப்பு நிக்கிற கஃபீலு அவரு, தங்கச்சி."

"அப்ப அவரு பேரு ஏன் போட்டீங்க?"

"டைப்பிங் சென்டருல கேட்டான், யாரு பேருன்னு. கடை லைசென்ஸு அவரு பேரு. வேனு அவரு பேரு. ஆரம்பத்துல போன் கனெக்‌ஷனு கூட அவரு பேருலதான் வாங்குனேன். இந்த ஊருல நம்ம பேருல என்ன இருக்கு? இதையும் அவரு பேருலயே போடுன்னுட்டேன். அவரும் கையெழுத்துப் போட்டுட்டாரு, கலாஸ், வேல முடிஞ்சுது."

எங்களிடம் வருவதற்கு முன்பே, படிவங்களை நிரப்பித் தரும் அந்த டைப்பிங் சென்டர்க்காரர் எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்திருந்தார். எங்கள் ஆட்கள் அப்படியே தாக்கல் செய்துவிட்டார்கள். வெளிநாட்டவர் கடையை முழுக்கத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளச் சட்டம் இப்போது பல தொழில்களுக்கு இடம் தருகிறது. பாய் அந்தப் பக்கமே போகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பழகிய ஏற்பாடு.

சொத்துக்கு உரிமையாளர் யாராகவும் இருக்கலாம், கண்டுபிடித்தவர் என்று மட்டும் கண்டுபிடித்தவரைத்தான் எழுத வேண்டும் என்று விளக்கினேன். ஷார்ஜாவில் ஒருவர் இந்தக் கருவியைப் பார்த்து அப்படியே செய்து விற்கத் தொடங்கியிருந்தார். காப்புரிமை வந்த பிறகு அவர் வழக்குப் போட்டு, பெயர் பொய் என்று நிரூபித்தால் எல்லாம் போய்விடும் என்றேன். இப்போதே திருத்தலாம். 'நான் கண்டுபிடிக்கவில்லை, இவர்தான்' என்று அரபி எழுதித் தர வேண்டும்.

பாயின் முகம் மாறிவிட்டது.

"அவருகிட்டப் போயி, உங்க பேர எடுங்கன்னு சொல்லவா? விசா, கடை எல்லாம் அவரு மனசுல இருக்கு தங்கச்சி. ஒன்னு பண்ணுங்க. அந்தச் சாய்வு சமாச்சாரத்த அவரு எழுதுன மாதிரியே எழுதிக் கொண்டாங்க. எங்க போடச் சொன்னாலும் போட்டுருவாரு. படிக்கவே மாட்டாரு."

"அது முடியாது பாய்."

"ஏன்? ஒரு கையெழுத்துதான?"

"படிக்காம போடுற கையெழுத்த நான் வாங்க மாட்டேன்."

"படிச்ச புள்ளைங்களே இப்படித்தான். ரூல்ஸு பேசியே மனுசன நடுத்தெருவுல நிறுத்துங்க."

"படிக்காம கையெழுத்துப் போட்டவரும் எங்க வீட்டுல இருக்காரு பாய். அவரு நின்ன தெருவும் எனக்குத் தெரியும்."

என் அப்பா புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி. கப்பலில் ஸ்டோர் வேலை என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார்கள், போட்டுவிட்டார். அந்தத் தாளை முதன்முதலில் படித்தவள் நான், ஒன்பதாம் வகுப்பில், அவர் விடுப்பில் வந்திருந்தபோது. அதில் ஸ்டோர் என்ற சொல்லே இல்லை. பாயிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பதில் அனுப்பும் கெடு நெருங்கியது. பாய் போனை எடுக்கவில்லை. நான் திருத்தப் படிவத்தையும் அரபியின் வாக்குமூலத்தையும் அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் தயாரித்து வைத்தேன். கோப்பைக் கைவிடும் கடிதத்தையும் தயாரித்து வைத்தேன். எது தேவைப்பட்டாலும் கையில் இருக்கட்டும் என்பது வேலை முறை.

கெடுவுக்குச் சில நாட்கள் முன்பு பாயே கூப்பிட்டார். "லைசென்ஸு புதுப்பிக்கிற வேலையா அவரு இன்னைக்கிக் கடைக்கி வர்றாரு. நீங்களும் வாங்க. நா சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லுங்க."

நான் போனபோது அரபி கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். அந்தத் தலைமுறை அரபிகளைப் போலவே கடைக்காரர்களோடு பேசிப் பழகிய இந்தி அவருக்கு இருந்தது. எனக்கும் இங்கே வந்து கற்ற இந்தி உண்டு. பாய் லைசென்ஸ் தாள்களை நீட்ட நீட்ட, அவர் பார்க்காமலே கையெழுத்திட்டுக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"என் மெஷினா? வந்துவிட்டதா காப்புரிமை?"

என் மெஷின் என்றுதான் சொன்னார். பாய் தரையைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டு மஜ்லிஸில் கூடும் நண்பர்கள் கேட்கிறார்கள். என் மகன்களுக்கே நம்ப முடியவில்லை. இந்த வயதில் அப்பா ஒரு மெஷின் கண்டுபிடித்துவிட்டாரே என்று."

இதை நானும் எதிர்பார்க்கவில்லை. பெயர் என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல என்றுதான் பாய் சொல்லியிருந்தார். பாய் என்னிடம் தமிழில், தலையை நிமிர்த்தாமல், "விட்டுருங்க தங்கச்சி" என்றார்.

நான் விடவில்லை. பரிசோதகருக்கு ஒரு விளக்கம் அனுப்புகிறோம், கண்டுபிடித்தவர்தான் தர வேண்டும், இந்தக் குமிழ் ஏன் சாய்வாக இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். பாய் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். அரபி எழுந்து கைப்பிடியைப் பிடித்து, சூப்பர் மார்க்கெட்டில் வண்டியைத் தள்ளுவது போலத் தள்ளினார். அடுத்த டைல்ஸ் சந்தில் குமிழ் மாட்டிக்கொண்டது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் மாட்டியது.

"கெட்டுவிட்டதே இது."

"இல்லை அர்பாப், இழுக்க வேண்டும்" என்றார் பாய், முதலாளியிடம் பேசும் குரலில், மிக மெதுவாக.

அவர் இழுத்தார். தண்ணீர் போன இடம் தெரியவில்லை. உலர்ந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "இது என் பெயரில் இருப்பது தவறா?" என்று கேட்டார்.

"கடை உங்களுடையது, அதனால் உரிமை கடையிடமே இருக்கும். கண்டுபிடித்தவர் என்பது படிவத்தில் வேறு இடம். அங்கே செய்தவரின் பெயர்தான் இருக்க வேண்டும்."

"இரண்டு இடம் இருக்கிறதா?" பாயின் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் இதை ஏன் எனக்குக் கொடுத்தாய்? நான் கேட்டேனா?"

"எல்லாமே உங்கள் பெயரில்தானே இருக்கிறது அர்பாப்..."

"வேனைக் கொடுத்தாய், சரி. இதுவும் வேனா?"

அரபி என் கையிலிருந்த வாக்குமூலத்தை வாங்கினார். கண்ணாடி காரில் இருக்கிறது என்று சொல்லி, தானே போய் எடுத்துவந்தார். உட்கார்ந்து, வரிவரியாக விரல் வைத்து, முழுக்கப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி, "உதவியும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறதே, வாடகை முன்பணம் யார் கொடுத்தது?" என்றார். கருவியை உருவாக்குவதில் என்றுதான் பொருள் என்றேன். அந்தச் சொற்களைச் சேர்த்து எழுதச் சொன்னார். பேனாவால் எழுதினேன். அவரும் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டு, கீழே கையெழுத்திட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆட்களிடம் என்ன சொல்வேன்?" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு பாயிடம்: "நீ வா. தொழுகை முடிந்ததும் மஜ்லிஸுக்கு வா. நீயே சொல்."

அரபி கிளம்பிப் போனார். பாய் அந்த வீட்டின் பின்பக்க வாசல்வரை சாமான் இறக்கப் போயிருக்கிறாரே தவிர, அந்த மஜ்லிஸில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"கோவமா, இல்லையா? ஒன்னும் புரியலயே" என்றார்.

"எனக்கும் தெரியல பாய்."

"தெரியாமத்தான் என்னய இதுல இழுத்து விட்டீங்களா?"

"பேரு வேணுமா, வேணாமா?"

"வேணும்" என்றார். அதைச் சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழாதது போல, ஈரமில்லாத தரையை வைப்பரால் இழுக்க ஆரம்பித்தார்.

பதிலையும் திருத்தத்தையும் கெடுவுக்குள் அனுப்பிவிட்டோம். பிற்பாடு பரிசோதகர் இரண்டையும் ஏற்றுக்கொண்டார், கோரிக்கை நாங்கள் முதலில் கேட்டதில் பாதியாகச் சுருங்கியிருந்தாலும். பாய்க்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. அவருக்குக் காரியம் அந்த வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. அந்த வெள்ளிக்கு மறுநாள் நானே போன் செய்தேன்.

"போனீங்களா பாய்?"

"போனேன். நா என்ன சொல்லணும்னு அரபியில மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன். என்னைய வாயத் தொறக்கவே விடல. அவரே சொல்லிட்டாரு, 'மெஷினு இவன் பண்ணது, நான் படிக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன்'னு."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு, கொஞ்சம் லேட்டா. அப்புறம் என்னையப் பக்கத்துல உக்கார வச்சு, காவா காப்பி ஊத்திக் குடுத்தாரு. ஆனா கெளம்புறப்ப சொன்னாரு பாருங்க, இனிமே எந்தத் தாளா இருந்தாலும் ஒரு நாள் முன்னாடியே கொண்டாந்து குடுத்துரு, படிச்சுட்டுத்தான் போடுவேன்னு. லைசென்ஸு, வாடகை, வேனு எல்லாந்தான். ஒரு கையெழுத்துக்கு இனி ரெண்டு நடை நடக்கணும்."

"நடங்க பாய்."

"நடக்கத்தான் வேணும்" என்றார். கடையில் யாரோ பினாயில் விலை கேட்பது கேட்டது. போனை வைத்துவிட்டார்.