முள்ளைப் பார்த்து ஓட்டியவர்

திருநகரில் வேதவல்லி டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர் கைபேசியில் செய்தி அனுப்பியிருந்தார்: டீச்சர் காலையில் தவறிவிட்டார். உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இம்மாதிரிச் செய்திகளை நான் முதலில் சொல்வது டீச்சரிடம்தான். கைபேசியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

மேலூர்ப் பள்ளியில் படித்த உங்களுக்கு அவரைக் கணக்கு டீச்சராகத் தெரியும். தப்பான விடை எழுதினாலும் அடிக்க மாட்டார். "இது எப்படி வந்துச்சு, அதைச் சொல்லு" என்பார். நான் அங்கே தமிழாசிரியை. திருநகரில் அடுத்த தெரு என்பதால் அவருடைய பழைய சின்னக் காரில்தான் பல ஆண்டுகள் பள்ளிக்குப் போய்வந்தேன். ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடிப்பட்டி வரை போய்க் காய்கறி வாங்கி வருவோம். காய்கறி திருநகரிலேயே கிடைக்கும். இரண்டு பேருக்கும் வீட்டில் ஆளில்லை, அவ்வளவுதான்.

வேலையில் இருக்கும்போதே அவருக்குக் காது மங்கத் தொடங்கியிருந்தது. செவிக் கருவி போட்டால் காருக்குள் எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறதென்று கழற்றிவிடுவார். என்ஜின் சத்தம் கேட்காததால் எப்போது கியர் மாற்றுவது என்று பிடிபடவில்லை. அதற்காகவே ஓர் ஆர்.பி.எம். மீட்டர் பொருத்திக்கொண்டார். என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் அதன் முள் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் கியரை மாற்றுவார். அவர் கணவர் இறந்து, மகனும் வெளிநாடு போன பிறகு, யாரையும் எதிர்பார்க்காமல் அவர் வெளியே போய்வர அந்தக் கார் ஒன்றுதான் இருந்தது.

போன வருடம் அந்த மீட்டர் பழுதாகி வேறொன்று மாட்டினார்கள். அதன் பிறகு கார் அடிக்கடி சூடானது. ஒரு ஞாயிறு, வாடிப்பட்டிக்குப் போகும் வழியில் புகைவிட்டு நின்றேவிட்டது. இறங்கி அவர் முன்னால் போய்ச் சொன்னேன்: "டீச்சர், வண்டி கத்துது. கியரை லேட்டா மாத்துறீங்க."

"முள்ளு வந்தப்புறந்தானே மாத்துறேன்?"

மெக்கானிக் வந்து பார்த்தார். "வண்டியில ஒண்ணுமில்ல. அம்மாவுக்குத்தான் காது கேக்கல" என்று என்னிடம் சொன்னார். உதடசைவிலேயே டீச்சருக்குப் புரிந்துவிட்டது. மகனும் அன்று மாலை வண்டியை விற்றுவிடச் சொல்லிச் செய்தி அனுப்பினார். பிறகு இரண்டு ஞாயிறுகள் அவர் என்னைக் கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தால் கார் மூடிக் கிடந்தது. "எனக்கு ஆகாமப்போச்சு ஜோதி" என்றார்.

ஆனால் மறுவாரம் அவரே வாசலில் வந்து நின்றார். "ஏறு. ஒண்ணு சோதிச்சுப் பாக்கணும்."

மூன்றாம் கியரில், ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் காரை நிதானமாக ஓட்டினார். பழைய மீட்டர் இந்த வேகத்தில் மூவாயிரம் காட்டும். அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இது இரண்டாயிரம் காட்டியது. இரண்டாம் கியரிலும் பார்த்தார். அதிலும் அதே விகிதம்தான். ஓரமாக நிறுத்தினார்.

"எங்க பாத்தாலும் மூணுல ரெண்டு பங்கு. கெட்டுப்போன மீட்டரு இம்புட்டு ஒழுங்காவா பொய் சொல்லும்?"

வீட்டுக்கு வந்து மீட்டரைக் கழற்றினோம். பின்பக்கம், என்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று தேர்ந்தெடுக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. மாட்டியவர்கள் அதை ஆறில் விட்டிருந்தார்கள். அந்தக் காருக்கு நான்கு. ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளினார். மறுபடி ஓட்டியபோது முள் சரியாக மூவாயிரத்தில் நின்றது.

அவர் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "எல்லாரும் சொன்னாகன்னு நானும் நம்பிட்டேன் பாரு" என்றார். அதற்குப் பிறகு கடைசி வாரம் வரை அவர்தான் ஓட்டினார். கார் ஒருமுறைகூடச் சூடாகவில்லை.

காரியம் முடிந்து மகன் காரை விற்றார். எடுத்துப்போக வந்தவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். "இது எதுக்கும்மா? சத்தத்துலயே தெரியுமே. கழட்டிப் போட்டுர்றேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தலையாட்டினேன். கார் தெருமுனை திரும்பும் வரை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவருக்குக் காது மங்கிய பிறகு ஓடும் காரில் நாங்கள் பேசியதே இல்லை. என் உதட்டைப் பார்க்க அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அப்படிப் பேசாமலே அத்தனை ஆண்டுகள் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் தனியாக இருப்பதாகத் தோன்றியதில்லை. ஒரு வார்த்தையும் இல்லாமல் ஒருவரோடு இருக்க நான் பழகியது அவரிடம்தான். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தப் பழக்கம். பக்கத்தில் உட்காரத்தான் ஆளில்லை.