புதுப் பையனாக வந்த பிரின்சிபால்

முழங்கால் வரை தொங்கும் காக்கி அரைக்கால் சட்டையோடு எங்கள் பிரின்சிபால் தங்கச் சுரங்க ஊரான ஊரிகம் ரயில் நிலையத்தில் வந்து நின்ற காலையில், என்னோடு இருந்த ஆறு மாணவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்தார்கள். "இன்னைக்கு நான் பிரின்சிபால் இல்லை. நேத்து சேர்ந்த பையன். எங்கே, என்னைப் பத்திரமா கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். சொல்லிவிட்டு முதல் ஆளாக வண்டியில் ஏறி ஜன்னலோரம் பிடித்துக்கொண்டார்.

கல்லூரியில் புதிதாகச் சேர்கிறவர்களைக் கோலார் மலைக்கு ஒருநாள் அழைத்துப்போய்ப் பழகவிடலாம் என்பது என் யோசனை. படித்து முடித்து அங்கேயே ட்யூட்டராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; கல்லூரியின் முதல் மாதம் முழுக்க மரத்தடியில் தனியாகச் சாப்பிட்டவன். இன்னொருவன் அப்படிச் சாப்பிடக் கூடாது என்று இருந்தது. வழிநடத்துவதற்காக இரண்டாம் வருட மாணவர்கள் நால்வரையும் மாணவிகள் இருவரையும் ஒரு மாதம் பழக்கினேன். சுரங்கக் கழிவு குவிந்த மண்மேட்டில் ஏற்றி இறக்கினேன். கடைசி ஆளின் நடைக்குத்தான் முதல் ஆள் நடக்க வேண்டும் என்றேன். அடிபட்டால் கட்டுப்போடச் சொல்லிக்கொடுத்தேன். தானே புதுப் பையனாக வரும் ஒத்திகையில் தேறினால் அனுமதி, இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

புதுப் பையன் வேஷத்தை அவர் மனதாரக் கட்டினார். பங்காருபேட்டையில் வண்டி மாறும்போது டீக்கடைப் பக்கம் நழுவினார். அடிவாரத்தில் பசிக்கிறது என்று உட்கார்ந்தார். பாதி வழியில் கால் வலிக்கிறது என்றார். ஒவ்வொன்றுக்கும் என் பிள்ளைகள் "ஆகட்டும் சார்" என்று கைகட்டி நின்றார்கள். அவர்களில் ஒருவன், கடைத்தெரு மளிகைக்காரர் மகன், தன் புளிசாதத்தையே கொடுத்துவிட்டான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவருடைய குடையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் நான்தான்.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு சரிந்த பாறை. முந்தின நாள் மழையில் பாசி மினுங்கியது. "அங்கிருந்து பார்த்தா ஊர் முழுக்கத் தெரியும்போல" என்று அவர் அதில் கால் வைத்தார். வேஷமா, நிஜ ஆசையா, தெரியவில்லை. இரண்டாவது அடியில் வழுக்கிக் கையூன்றினார். "சார்... சார்..." என்று முனகினோமே தவிர யாரும் தடுக்கவில்லை. அவர் அடுத்த அடிக்குக் காலைத் தூக்கினார்.

"ஏய் தம்பி! எறங்கு கீழ!"

ஆறு பேரில் அதிகம் பேசாத பெண் அவள். "உன்னாண்டதான் சொல்றேன். ஈரம் கண்ணுக்குத் தெரியல? உக்காந்துக்கினே எறங்கு. கைய எடுக்காத!"

பிரின்சிபால் உட்கார்ந்தார். படியிறங்கும் குழந்தை மாதிரி நகர்ந்து நகர்ந்து இறங்கி வந்தார். யாரிடம் பேசினோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "மன்னிச்சுக்குங்க சார். எங்கப்பா சுரங்கத்துல, ஷாஃப்ட்ல எறங்குற கேஜு கூண்டுல ஆள் ஏத்தி எறக்குறவரு. அங்க மேனேஜரே வந்தாலும் அப்டித்தான் கத்துவாரு. அந்த நெனப்புல..."

"அப்போ மேனேஜர் என்ன பண்ணுவார்?"

"வாய மூடிக்கினு நிப்பாரு சார்."

முதலில் சிரித்தது பிரின்சிபால்தான். பிறகு மலையே சிரித்ததுபோல இருந்தது. எனக்கு மட்டும் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது. ஒரு மாதம் நான் நடத்திய பாடத்தில் இது இல்லை. இப்போதெல்லாம் புதிதாக வழிநடத்த வருகிறவர்களை முதல் நாளே என்னை அதட்டச் சொல்கிறேன். பாதிப் பேருக்குக் குரலே எழும்புவதில்லை, எழும்பும்வரை விடுவதில்லை.

திரும்பும் வண்டியில் பிரின்சிபால் மடியில் காகிதத்தை வைத்து அனுமதியை எழுதினார். கை நீட்டிய என்னைத் தாண்டி அவளிடம் கொடுத்தார். "அடுத்த வாரம் நானும் வரலாமாம்மா?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "வாங்க சார். ஆனா பாறைல ஏறணும்னா என்னக் கேட்டுட்டு ஏறுங்க."