முப்பத்தோராவது டேக்

எங்கள் டப்பிங் ஸ்டுடியோவில் அவரைக் 'கணீர்' என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லி உடம்பு. சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். ஆனால் மைக் முன்னால் வாயைத் திறந்தால் கண்ணாடித் தடுப்பு அதிரும். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு சூப்பர் ஹீரோ பட வரிசையில் முதல் ஐந்து படங்களுக்கும் நாயகனின் தமிழ்க் குரல் அவர்தான். ஐந்து தடவை உலகத்தைக் காப்பாற்றிவிட்டு, ஐந்து தடவையும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே வீட்டுக்குப் போன மனுஷர். நான் அங்கே ஒலிப்பதிவு செய்கிறவள். பதினேழு வருஷமாகக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டப்பிங் இயக்குநர் வேறு யாருமில்லை, கணீருடைய மச்சான். மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். யார் எந்தப் பாத்திரத்துக்குப் பேசுவது, எந்த டேக் ஓகே, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். ஆறு வருஷத்துக்கு முன்னால் கணீருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாள் பேசக் கூடாது என்றார் டாக்டர். பதினோராவது நாள் வந்து பார்த்தால், ஆறாவது படத்துக்கு மச்சானே மைக் முன்னால் நின்று நாயகனாகப் பேசிக்கொண்டிருந்தார். 'அவர் குரல் நிரந்தரமாகக் கெட்டுவிட்டது' என்று படக் கம்பெனிக்குப் போன கடிதத்தை டைப் அடித்தது நான்தான். பொய் என்று தெரியும். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பேச்சு மற்ற ஸ்டுடியோக்களுக்கும் பரவியது. தொண்டை போன ஆளை எவன் கூப்பிடுவான்? கடைசியில் ஒரு லிஃப்ட் கம்பெனிதான் கூப்பிட்டது. 'மூன்றாவது தளம். கதவுகள் மூடுகின்றன.' உலகத்தைக் காப்பாற்றிய குரல் கதவைச் சாத்தப் போய்விட்டது.

கணீர் ஒரு சண்டையும் போடவில்லை. எங்கள் கட்டடத்தில் புது லிஃப்ட் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தன் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அதில் தன் குரலை வைக்கச் சொன்னார். முதல் நாள் மச்சான் ஏறினார். இரண்டாவது மாடியிலேயே இறங்கிவிட்டார். அவருக்கு முட்டிவலி வேறு. ஆனாலும் அன்றிலிருந்து ஐந்து மாடியும் படிதான். "மச்சான் உடம்பு இளைக்கட்டுமேன்னுதான்" என்றார் கணீர் என்னிடம் போனில். சிரிக்கிற குரல் இல்லை அது.

இந்த வருஷம் எட்டாவது படம் வந்தது. நாயகன் தன் ஊரைக் காப்பாற்றக் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். போய் ஒன்றை மாற்ற, காலம் இரண்டு கிளையாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு கிளையில் அவன் பிழைத்துக்கொள்கிறான். இன்னொரு கிளையில் இருக்கிற இளவயது அவனோ எல்லாவற்றையும் பறிகொடுக்கிறான். பறிகொடுத்தவன், பறித்தவனைத் தேடி வருகிறான். இரண்டு பேரும் ஒரே ஆள். இளையவனுக்குப் பழைய குரல்தான் வேண்டும், அந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள் என்று படக் கம்பெனியின் தலைமை அலுவலகம் எழுதிவிட்டது.

மச்சான் என்னையும் ஒப்பந்தத் தாளையும் இழுத்துக்கொண்டு கணீர் வீட்டுக்குப் போனார். கணீர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. குடும்பம்னா ஆயிரம் இருக்கும்."

"எனக்குத்தான் தொண்டை போயிடுச்சே மச்சான்."

கணீரின் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "அண்ணா, நீ சொன்னது பொய்னு இவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி மன்னிப்புக் கேட்டுடு. எனக்கு அது போதும். ஆறு வருஷமா ரெண்டு பக்கமும் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

மச்சான் சுவரைப் பார்த்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?"

கணீர் காலரைத் திருப்பி அழுத்தினார். "வரேன். ஒரே ஒரு கண்டிஷன். அந்த ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கிற சீன்ல, நீங்க பேசுறப்ப ஓகே நான்தான் சொல்லுவேன். உங்க நாற்காலியில உக்காந்து."

வேறு வழியில்லாமல் மச்சான் தலையாட்டினார்.

அந்த நாற்காலியில் இருப்பவர் ஓகே சொன்னால்தான் ஓகே. குறுக்கே யாரும் பேசுவதில்லை, அது எங்கள் தொழில் வழக்கம்.

காலை பத்து மணிக்குக் கணீர் தன் பகுதியைப் பேசினார். 'நீ பிழைக்க என் வாழ்க்கைதான் கிடைச்சுதா?' ஒரே டேக். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் உள்ளே போனார். அவருக்கு அந்தக் காட்சியில் இரண்டே வார்த்தை. 'பயந்துட்டேன். மன்னிச்சிடு.' நாயகன் முகம் திரை முழுக்க, உதடு அசைவது பளிச்சென்று தெரியும்.

முதல் டேக் முடிந்தது. உள்ளே இருப்பவரோடு பேசுகிற பொத்தானைக் கணீர் அழுத்தினார். "நாளைக்குப் பால் வேணாம்னு சொல்ற மாதிரி இருக்கு மச்சான். இன்னொன்னு போலாம்."

நாலாவது டேக் அருமையாக வந்தது. நான் ஜாடை காட்டினேன். அவர் தாளில் '4' என்று குறித்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். "இன்னொன்னு போலாம்."

பத்து. பதினைந்து. மச்சான் வெந்நீர் குடித்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மன்னிச்சிடு, மன்னிச்சிடு, மன்னிச்சிடு. எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது, மறைப்பானேன். நல்லா வேணும் என்று நினைத்தேன். இருபதைத் தாண்டியதும் மச்சான் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். "போதும்ண்ணே" என்றேன். கணீர் என் பக்கம் திரும்பவேயில்லை.

முப்பத்தோராவது டேக். மச்சான் திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"பயந்துட்டேன் மாப்ள. நீங்க என்னைவிட நல்லாப் பேசினீங்க, அந்தப் பொறாமை. தொண்டை போச்சுன்னு சொன்னது பொய். மன்னிச்சிடுங்க."

திரையில் நாயகன் வாயை மூடி ரொம்ப நேரமாகியிருந்தது. ஆறு வருஷமாக அந்த வீடு காத்திருந்த வார்த்தை என் ஒலிப்பெட்டியிலிருந்து வந்திருந்தது. கணீர் அழப்போகிறார் என்று நினைத்தேன். விரல் பொத்தானுக்குப் போயிற்று.

"உதடு ஒட்டலை மச்சான். இன்னொன்னு போலாம்."

மச்சான் ஹெட்போனைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே நடந்தார். படிக்கட்டுப் பக்கம் போனவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு லிஃப்டுக்குள் போனார். கதவுகள் மூடுகின்றன என்று கணீரின் குரல் சொன்னது கேட்டது.

"படத்துக்கு நாலாவதை வெச்சுடு" என்றார் கணீர். "முப்பத்தொண்ணை எனக்கு அனுப்பு. வீட்டுல அவ ஆசைப்பட்டாளே, கேக்கட்டும்."

அனுப்பினேன்.

மறுநாள் போன் வந்தது. "கடைசியில நான் பொத்தானை அழுத்திப் பேசினதும் அதுல இருக்கே. வெட்டலையா?"

"மறந்துட்டேண்ணே."

பதினேழு வருஷத்தில் நான் எதையும் வெட்ட மறந்ததில்லை. ஒருமுறை வாயை மூடிக்கொண்டிருந்து பட்டது போதும்.

"அண்ணி கேட்டாங்களா?"

"முழுசாக் கேட்டா. பையை எடுத்துக்கிட்டு அவங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா."

"நீங்க கூப்பிட்டுப் பேசலாமே?"

"காலையிலயே கூப்பிட்டேன். மன்னிச்சிடுன்னேன்." அந்தக் கணீர்க் குரல் முதல்முறையாகக் கம்மியது. "இன்னொன்னு போலாம்னு சொல்லிட்டு வெச்சுட்டா."