ஒரு தம்ளர் வினிகர்

காலை பதினொன்றே கால் மணிக்கு அடுப்படியிலிருந்து கிளம்பிய ஒரு நெடி, கூடத்தில் தாயம் ஆடிக்கொண்டிருந்த என் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்க வைத்தது. கொதிக்கிற ஆட்டுக்கறிக் குழம்பில், புளிக்கரைசல் ஊற்றுகிற கைப்பழக்கத்தில், ஒரு தம்ளர் வினிகரை அம்மா முழுதாகக் கவிழ்த்திருந்தாள்.

அந்த வினிகர் புட்டியைப் பம்பாயிலிருந்து கொண்டுவந்தவள் அப்பாவின் தங்கை, கோமதி அத்தை. வேறு சாதிக்காரரைத் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு போனவள், பல வருடம் கழித்து அந்தக் கோடை விடுமுறையில் ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். அம்மா உள்ளே கூப்பிட்டாள். அப்பாவோ சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட் பக்கம் இருந்த தன் பிண்ணாக்குக் கடைக்குப் போனவர்தான். சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேயே என்று ஆகிவிட்டது. தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும் என்னிடம் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று காலையில்தான், “மத்தியானம் வீட்டுக்கு வாரேன்னு அம்மாட்ட சொல்லு” என்றார்.

அதற்காகத்தான் கறி எடுத்தது. பம்பாயில் பக்கத்து வீட்டுக் கோவாக்காரியிடம் கற்ற குழம்பை அண்ணனுக்கு வைக்க அத்தை ஆசைப்பட்டாள்.

“மதினி, அது ரெண்டு கரண்டிதான் ஊத்தணும்.”

“பாத்தா பச்சத்தண்ணி மாதிரில்லா இருந்துச்சு. அவிய ஒரு வாய் வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவன்னா என்ன செய்ய? சோடா உப்பு போடுவமா?”

“போடுங்க. பொங்கி நுரைக்கும். அந்த நுரையிலயே அண்ணன் வேட்டிய அலசிட்டுப் போவாவ.”

இருவரும் சிரித்தார்கள், ஆனால் அத்தையின் முகம் வெளிறியிருந்தது. பாதிச் சாறை வேறு சட்டிக்கு மாற்றினாள். மூடியை எடுத்துவிட்டு, நெடி ஆவியோடு போகட்டும் என்று ஜன்னலையும் திறந்து கொதிக்க விட்டாள். கரிசல் காட்டு அனல்காற்று உள்ளே வர, எல்லோர் கண்ணிலும் நீர். வெங்காயத்தைச் சிவக்க வதக்கிப் போட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டியை நுணுக்கிப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நான் நக்கும்போது என் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்ல எனக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் முகம் சுளித்தேன்.

போன மாதம் என் மகள் பெங்களூரில் தன் விருப்பப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டதாகச் செய்தி அனுப்பினாள். அவள் போன் வந்தால் அவள் அப்பா எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறார். வினிகர் இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அத்தை இல்லை, அப்பா இல்லை. மகளோ, சோற்றைத் தூக்கிக்கொண்டு நடந்து போய்ச் சேர்கிற தூரத்தில் இல்லை.

அன்று அப்பா வர இரண்டு மணி ஆகிவிட்டது. அம்மா பரிமாற, அத்தை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் சாப்பிட்டார், கை கழுவினார், செருப்பை மாட்டினார். பிறகு வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சொன்னார்:

“ஏட்டி கோமதி, புளிப்பு இன்னும் கெடக்கு. ராத்திரி நான் வாரதுக்குள்ள கொஞ்சம் வத்த விடு.”