ஒட்டகச்சிவிங்கிக்கும் கருநாக்கு

நாவல் பழத்தைக் கடித்ததும் முதலில் இனிப்பு, பிறகு துவர்ப்பு, அதற்கும் பிறகு நாக்கு தடித்துப்போய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சொரசொரப்பு. இரும்புலியூரில் எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் நின்ற மரம் ஆடி மாதத்தில் உதிர்த்த பழங்களை மண்ணை ஊதிவிட்டுத் தின்று, ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வோம். எல்லா நாக்கும் ஊதாக் கறுப்பு. வருஷத்தில் அந்தச் சில வாரங்கள்தான் நானும் மற்றப் பிள்ளைகளும் ஒன்று. மீதி நாளெல்லாம் நான் மட்டும் "கருநாக்கு".

என் நாக்கின் நடுவில் பிறவியிலேயே பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு மச்சம். அப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து வரும் கெட்ட வார்த்தை தவறாமல் பலிக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நல்ல வார்த்தை பலிக்குமா என்று எவரும் என்னிடம் கேட்டதில்லை. பால் ஊற்ற வரும் கோவிந்தம்மா என் அம்மாவிடம், "யம்மா, மாடு சினையா கீது, உன் பொண்ணை வாயைத் தொறக்காம இருக்கச் சொல்லு" என்பாள். அவளையாவது விடுங்கள். சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் கேட்டுத் தலையாட்டிய எங்கள் சபைக்காரர்களும் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் கையில் ஒரு லட்டைத் திணித்து, "சாப்பிடு கண்ணு, பேசாதே" என்றார்கள். என் வாயில் லட்டு இருக்கும்வரைதான் அவர்களுக்கு நிம்மதி.

அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கொழும்பிலிருந்த சித்திக்குக் குழந்தை பிறந்ததென்று கோடை விடுமுறையில் புறப்பட்டோம். ரயில்வே குமாஸ்தாவான அப்பாவின் "பாஸ்" புண்ணியத்தில் தாம்பரத்தில் போட் மெயில் ஏறி, ராமேஸ்வரத்தில் கப்பலுக்கு மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே நான் கடல் தாண்டினேன். அங்கே ஒரு நாள் சித்தப்பா எங்களை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போனார்.

வேலிக்கு மேலே எங்கேயோ இருந்த ஒட்டகச்சிவிங்கியின் தலை, அவசரமே இல்லாமல், காவலாளி நீட்டிய கிளையை நோக்கி இறங்கி வந்தது. வாயைத் திறந்து, இலையைச் சுற்றி நாக்கை வளைத்தது பாருங்கள்! என் கை முழத்தைவிட நீளம்; நாவல் பழம் தின்றாற்போல ஊதாக் கறுப்பு. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து உலுக்கி, "அம்மா, கருநாக்கு! கருநாக்கு!" என்று கத்தினேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாய்க்குள்ள, யாரும் பாக்காத எடத்துலகூட ஆண்டவர் உக்காந்து கலர் அடிச்சிருக்கார் பாரு" என்றாள். மனப்பாடமாக எத்தனையோ ஜெபம் சொன்னவள் நான். ஆனால் ஒரு சொல்லும் இல்லாமல் ஜெபித்தது அந்த வேலியோரத்தில்தான். என்னைப் படைத்தவர் தவறு ஒன்றும் செய்துவிடவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று.

ஊர் திரும்பிச் சில வாரங்களில் ஞாயிறுதோறும் சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு விழா. பிள்ளைகள் ஆளுக்கொரு பிராணியை அட்டையில் வரைந்து, மேடையில் ஏந்தி நின்று, "இதையும் ஆண்டவர் படைத்தார்" என்று சொல்லவேண்டும். நான் ஒட்டகச்சிவிங்கியை, நீட்டிய நாக்கோடு, மை தொட்டுக் கறுப்பாகவே வரைந்தேன். எங்களைப் பழக்கிய எஸ்தர் டீச்சருக்கு முகமே மாறிவிட்டது.

"ஏண்டி, ஆண்டவர் பீடத்துக்கு முன்னாடி கருநாக்கா? ஏற்கெனவே உன்னுது ஒண்ணு போதாதா?"

"நான் கண்ணால பாத்தேன் டீச்சர், கறுப்புதான்."

"பொய் வேறயா?" என்று சொல்லி, சிவப்புக் காகிதத்தை நாக்கு வடிவில் வெட்டி, என் படத்தின்மேல் பசை தடவி ஒட்டினார். அதைத் தொட்டால் பரிசு கிடையாது என்றும் எச்சரித்தார். வேத வசனம் ஒப்பிக்கும் போட்டியில் நான்தான் முதல். தோல் அட்டை போட்ட பாட்டுப் புத்தகம், முதல் பக்கத்தில் என் பெயர் எழுதி மேசைமேல் தயாராக இருந்தது. அதை நான் எடுத்து முகர்ந்துகூடப் பார்த்திருந்தேன். "விட்டுடு பாப்பா, ஒரு காகிதந்தானே" என்றார் அப்பா. ஒரு காகிதந்தான். ஆனால் அதை என் வாய்மேல் ஒட்டியதுபோலத்தான் எனக்கு இருந்தது.

மேடையில் ஆடு வந்தது, காகம் வந்தது, அடுத்து நான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்புக் காகிதத்தை நகத்தால் நெம்பிப் பிய்த்தேன். கறுப்பு தெரிந்தது. "இதையும் ஆண்டவர் படைத்தார்" என்றேன். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காததாக, "இதையுந்தான்!" என்று என் நாக்கைச் சபைக்கே நீட்டிக் காட்டினேன். நாவல் பழக் காலம் அல்லவா, முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பொடிசுகளும் விளையாட்டென்று நினைத்து ஊதா நாக்குகளை நீட்டின.

போதகர் என்னை அழைத்து, சபைமுன் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பரிசை வாங்கிக்கொள் என்றார். "என்ன தப்புக்கு ஐயா?" என்றேன். என் பெயர் இருந்த பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதேன், அதை மறைப்பானேன்? ஆனால் மன்னிப்பு மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.

சாலையை அகலமாக்கியபோது அந்த நாவல் மரம் போயிற்று. ராமேஸ்வரத்துக் கப்பல் நின்று எத்தனையோ காலமாகிறது. நாங்கள் மேடையேறிய ஓட்டுக்கூரைச் சர்ச் இருந்த இடத்தில் கான்கிரீட் எழும்பிவிட்டது. போகவேண்டிய ஒன்று மட்டும் போகவில்லை. போன மாதம் பெரும்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆறு வயதுப் பெண்ணின் கையில் ஒரு அம்மாள் சாக்லேட்டைத் திணித்து, "உனக்குக் கருநாக்கு, பொண்ணு மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணும் பேசக்கூடாது, என்ன?" என்றார். அந்த அம்மாள் பார்க்கும்படியே குனிந்து, அந்தப் பெண்ணிடம் என் நாக்கை நீட்டிக் காட்டினேன்.

அவள் கண்ணை அகல விரித்து, "உங்களுக்கும் இருக்கா?" என்றாள்.

"ஒட்டகச்சிவிங்கிக்கும் இருக்கு" என்றேன்.

பந்தி முடியும்வரை அவள் வாயை மூடவே இல்லை.